நம்ம வட ஆற்காட்டு எழுத்தாளருங்கள இந்த லீவுல படிச்சேன்

இந்த கோடை லீவுல நான் படிச்சதுல முக்கால்வாசி நம்ம வட ஆற்காட்டு (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து) ஆளுங்க எழுதுன நாவலுங்க. அதப் பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதறேன், ஏன்னா நம்ம பக்கத்துல இவ்ளோ நல்ல எழுத்து இருக்குன்னு நம்ம புள்ளைங்களுக்கு யாரும் சொல்றதே இல்ல. நாவல்னா தஞ்சாவூர், இல்லன்னா கோவில்பட்டி கரிசக்காடுன்னே மனசுல பதிஞ்சி போயிருக்கு. அதெல்லாம் எனக்கும் ரொம்ப பிடிக்கும், ஆனா பாலாறும் வாலாஜாவும் பேரணாம்பட்டும் கதைக்குள்ள வந்தா அந்த சந்தோஷமே வேற.

மொதல்ல எடுத்தது மு.வ.வோட (மு. வரதராசன்) அகல் விளக்கு. மனுஷன் 1912ல திருப்பத்தூர்ல பொறந்து, அங்கயே தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து, ஸ்கூல்ல தமிழ் வாத்தியாரா இருந்து, அப்புறம் மெட்ராஸ் பச்சையப்பன் காலேஜ், கடைசில மதுரைல துணைவேந்தர் வரைக்கும் போனவரு. நமக்கு அவர்னா திருக்குறள் உரைதான் தெரியும். இந்த நாவலுக்கு 1961ல சாகித்ய அகாடமி கிடைச்சிருக்கு. சந்திரன், வேலய்யன்னு ரெண்டு சிநேகிதங்க, வாலாஜாப்பேட்டைல பழகறாங்க, சந்திரன் படிப்புல பயங்கர கெட்டிக்காரன், அவன்தான் சீரழிஞ்சி போறான், சுமாரா படிச்ச வேலய்யன் நிதானமா வாழ்ந்துடறான். நடுநடுவுல அறிவுரை ஜாஸ்திதான், அதுக்காக கீழ வெக்காதீங்க. மார்க்கு மார்க்குன்னு புள்ளைங்கள விரட்டற அப்பா அம்மாங்க எல்லாம் சந்திரன் கதைய ஒருவாட்டி படிக்கணும்.

ஆனா என்ன தூங்கவிடாம பண்ணது அழகிய பெரியவனோட தகப்பன் கொடி. பேரணாம்பட்டுக்காரரு, ஸ்கூல் வாத்தியார். நிலத்த பறிகொடுத்த ஒரு தலித் குடும்பத்தோட கதை. அதுல வர்ற பேச்சு நம்ம பக்கத்து பேச்சு, வாய்விட்டு படிச்சா நம்ம தெருவுல யாரோ பேசறாப்ல கீது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பஸ்ல போறப்ப தோல் வாடை வந்தா மூக்க பொத்திகினு போயிடறோம், அந்த தோல் பதனிடற ஷாப்புக்குள்ள நாள்பூரா சுண்ணாம்புத் தண்ணில வேலை செய்யறவங்க யாரு, அவங்க தாத்தனுக்கு நிலம் இருந்துச்சா, இருந்தா அது யார் கைக்குப் போச்சுன்னு இந்த புக்க முடிச்சப்புறம் கேக்காம இருக்க முடியல. இத்தன வருஷம் இந்த ஊர்லயே இருந்துகினு எனக்கு இந்த கேள்விய குடுத்தது ஒரு நாவல்.

அதுக்கப்புறம் கவிப்பித்தன். நீவா நதின்னு தலைப்பு, சித்தூர் பக்கத்துலருந்து வந்து பாலாத்துல சேருதே நம்ம பொன்னையாறு, அதோட இன்னொரு பேருதான் நீவா. மடவளின்னு இன்னொரு நாவல் இருக்கு, அடுத்து அத்தான் எடுக்கப் போறேன்.

"இத்தெல்லாம் படிச்சி இன்னாத்துக்கு ஆவுது, நீட்டுக்கு உதவுமா"ன்னு கேக்கற சொந்தக்காரங்க எல்லார் வீட்லயும் இருக்காங்க. உதவாது, உதவவும் வேணாம். பத்து மாசம் பரீட்சைக்குன்னே படிக்கற புள்ளைக்கு ரெண்டு மாசமாவது எதுக்கும் இல்லாம, பிடிச்சா படிக்கலாம் பிடிக்கலன்னா பாதில மூடிடலாம்னு ஒரு படிப்பு வேணும், அப்படி படிக்கறப்பதான் ஒரு எழுத்தாளர தானா கண்டுபுடிக்கற ருசி தெரியும். வீட்டு வரியோட சேத்து நூலக வரியும் நாமதான் கட்றோம், அதனால வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்து லைப்ரரிலயும் நம்ம மண்ணு எழுத்தாளருங்களுக்குன்னு தனியா ஒரு அலமாரி வைங்கன்னு கேக்க நமக்கு முழு உரிமை இருக்கு. நான் லெட்டர் எழுதிகினு இருக்கேன், கூட கையெழுத்து போடறவங்க சொல்லுங்க.

இன்னொண்ணு. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருதுல எழுதறவங்க எவ்ளோ பேர் இருக்காங்க, முஷாயிரான்னு உருது கவியரங்கம் நடக்கற ஊரு அது. அங்க இஸ்லாமியா காலேஜ்லதான் கவிக்கோ அப்துல் ரகுமான் அத்தன வருஷம் தமிழ் சொல்லிக் குடுத்தாரு. அந்த உருது கதைங்க தமிழ்ல புக்கா வந்திருக்கா? நம்ம பக்கத்து பொம்பளைங்க எழுதுன நாவலுங்களும் தேடறேன். தெரிஞ்சவங்க பேரும் பதிப்பகமும் போடுங்க, ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வாங்கிடறேன்.