கை பாஷைக்கு இலக்கணமா?

போன வாரம் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். பேச்சு சைகை மொழி ஆய்வாளர்கள் பக்கம் திரும்பியது. பக்கத்து மேசை அண்ணன் சிரித்துவிட்டார். "ஊமை பாஷையில ஆராய என்னப்பா இருக்கு? கையை ஆட்டுறதுதானே!" அவர்மேல் கோபமில்லை. என் அத்தையை இத்தனை வருடமாக நானும் அப்படித்தானே பார்த்தேன்.

அத்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடம் போகவில்லை, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனார். அவரும் பாட்டியும் லயத்துக்காரர்களும் சேர்ந்து ஆக்கிக்கொண்ட சைகைகள்தான் அவருடைய பேச்சு. ஆள்காட்டி விரலால் காற்றில் சாய்வாக ஒரு கோடு இழுத்தால் பால்வெட்டு. அதே விரல், அதே கோடு, கன்னத்தில் இழுத்தால் கிராணி, அதாவது நோட்டும் கையுமாகத் தோட்டக் கணக்கு எழுதுபவர். (பழைய கிராணிக்குக் கன்னத்தில் தழும்பு. அவருக்கப்புறம் இரண்டு கிராணிகள் வந்து போனார்கள், சைகை மட்டும் மாறவில்லை.)

வில்லியம் ஸ்டோக்கி கண்டுபிடித்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். 1955-இல் வாஷிங்டனில் காதுகேளாதோருக்கான கெலடெட் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். மாணவர்களின் கைகளைக் கவனித்து 1960-இல் எழுதினார்: சைகை என்பது வெறும் அபிநயம் இல்லை, கையின் வடிவம், இடம், அசைவு என்று பிரியும். அமெரிக்கச் சைகை மொழியில் வளைத்த விரலை நெற்றியில் இழுத்தால் கோடைக்காலம், மூக்கருகே இழுத்தால் அசிங்கம், மோவாயில் இழுத்தால் உலர்ந்தது. நமக்குப் பல், பால் மாதிரி, ஒன்று மாறினால் பொருளே மாறிவிடும். சக ஆசிரியர்களே அவரைக் கேலி செய்தார்கள். 1965-இல் அவரோடு சேர்ந்து அகராதி போட்ட காஸ்டர்லைன், குரோன்பெர்க் இருவருமே காதுகேளாதவர்கள். அவர்கள் பெயரை யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

சரி, அத்தையுடையது மொழியா? மொழியியலாளர்கள் அதை வீட்டுச் சைகை என்பார்கள். அது மொழியாக வளர ஒரு கூட்டம் வேண்டும், பின்னால் வரும் பிள்ளைகள் வேண்டும். பினாங்கில் 1954-இல் காதுகேளாதோர் பள்ளி வந்தபோது அந்தக் கூட்டம் கிடைத்தது. வகுப்பில் வாயசைவும் பேச்சும்தான் பாடம். வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் கைகளால் பேசிப் பேசிப் பினாங்குச் சைகை மொழியே பிறந்தது. இன்று மலேசியச் சைகை மொழிக்கு 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம் இருக்கிறது. நல்லது. ஆனால் மலாய் வாக்கியத்தை ஒட்டுச்சொல் விடாமல் கையில் அப்படியே காட்டும் 'கோட் தாங்கான்' முறையையும் அதையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். சைகை மொழி தனி மொழி, கோட் தாங்கான் மலாய்க்குக் கையில் போட்ட சட்டை.

நம் தோட்டங்களில் பிறந்த சைகைகளை யார் எழுதி வைத்தார்கள்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து ஜனம் தாமான் தாமானாகச் சிதறிவிட்டது. அத்தையின் கைப்பேச்சு முழுதாகப் புரிகிற ஆள் இனி என் அம்மா மட்டும்தான். ஆய்வாளர் வரட்டும் என்று காத்திருந்தால் ஆகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியும் நோட்டுப் புத்தகமுமாக அத்தை முன்னால் உட்கார்ந்தேன். அவர் காட்டக் காட்ட எழுதினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவர், அம்மா பக்கம் திரும்பி, தன் கன்னத்தில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.