தறிச் சத்தம் கேட்கும் பழைய தலைநகரம்

ஜப்பானிய எழுத்தாளர் யாசுனாரி கவாபட்டாவின் 'பழைய தலைநகரம்' நாவலை ஆங்கில வழியாக இரண்டாம் முறை படித்து முடித்த நிறைவோடு இதை எழுதுகிறேன். 1968இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது எடுத்துச் சொல்லப்பட்ட மூன்று நாவல்களில் இதுவும் ஒன்று. இதைப் புகழ்வோர் பலரும் செர்ரிப் பூ, கிமோனோ என்னும் மரபு உடை, திருவிழா என்று ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவின் அழகுகளை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த அழகைக் கைவேலையாகச் செய்து பிழைக்கும் மனிதர்களின் கவலைதான் இந்நாவலின் உயிர் என்று எனக்குப் படுகிறது.

கிமோனோ மொத்த வியாபாரி தகிசிரோவின் வளர்ப்பு மகள் சியெகோ. கியோன் திருவிழா இரவில் அவள், அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருக்கும் நயெகோவைச் சந்திக்கிறாள். இருவரும் இரட்டையர். நயெகோ, கிதாயாமா மலைக்கிராமத்தில் வெட்டிய மரங்களை மணல் கொண்டு தேய்த்து மெருகேற்றும் கூலிப்பெண். கதை என்று சொன்னால் இவ்வளவுதான்.

ஆனால் தகிசிரோ ஓபிக்கு வடிவம் வரையும் பகுதியை நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். கிமோனோவின் இடையில் சுற்றும் அகன்ற பட்டையே ஓபி. வியாபாரம் தளர்ந்து, தன் கற்பனையும் வற்றிவிட்டதோ என்று அஞ்சும் அவர், மகள் வாங்கித் தந்த, ஐரோப்பிய நவீன ஓவியர் பால் கிளேயின் ஓவியப் புத்தகத்தைப் பார்த்து ஒரு வடிவம் வரைந்து, நிஷிஜின் நெசவாளர் பகுதிக்கு எடுத்துச் செல்கிறார். இளம் நெசவாளன் ஹிதியோ நெடுநேரம் வாய் திறப்பதில்லை. வற்புறுத்திக் கேட்டதும், இதில் மனத்தின் இதமும் இசைவும் இல்லை என்கிறான். பெரியவர் அவனை அறைந்துவிடுகிறார். அவன் சொன்னது உண்மை என்பதை அவரே உணர்ந்திருந்ததால்தான் கை ஓங்கியது என்று நான் நினைக்கிறேன். மரபு குறித்து எத்தனையோ கட்டுரைகள் சொல்ல முயல்வதை, ஒரு மூத்தவரின் கூச்சமும் ஓர் இளைஞனின் தொழில் நேர்மையும் மோதும் இந்தச் சில பக்கங்கள் கண்முன் நிறுத்திவிடுகின்றன.

சகோதரிகள் ஒன்றுசேராதது குறை என்று சொல்லும் வாசகர்களோடு என்னால் உடன்பட இயலவில்லை. முதல் பக்கத்திலேயே, முற்றத்து மேப்பிள் மரத்தின் இரு பொந்துகளில் ஓரடி இடைவெளியில் இரண்டு வயலட் செடிகள் பூத்திருக்கின்றன. இவை என்றாவது சந்திக்குமா என்று சியெகோ எண்ணுகிறாள். பிறகு மலையில் இடி மின்னலுடன் மழை கொட்டும்போது, நயெகோ தன் உடலையே கூரையாக்கிச் சகோதரியைப் போர்த்திக்கொள்கிறாள். அந்த நெருக்கத்துக்குப் பின்னும் விலகிச் செல்பவள் அவள்தான். கூலி வேலை செய்பவளின் தன்மானமும், தன்னால் சகோதரியின் வாழ்வு கலையக்கூடாது என்ற அன்பும் சேர்ந்த முடிவு அது.

ஒரே ஓர் இரவு சியெகோவின் வீட்டில் தங்குகிறாள். விடியற்காலையில் பனி தூவுகிறது. சியெகோ தன் வெல்வெட் மேலங்கியையும் குடையையும் கொடுத்து மீண்டும் வரும்படி கேட்க, நயெகோ தலையை மட்டும் அசைத்து மறுக்கிறாள். வாசல் கதவைப் பற்றியபடி சியெகோ பார்த்துக்கொண்டே நிற்கிறாள். போகிறவள் திரும்பிப் பார்ப்பதில்லை. நகரம் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது.