சிவப்புப் பட்டை தீர்ப்பாகிவிடக் கூடாது

மனநோயாளிகள் வன்முறையில் இறங்கும் வாய்ப்பைக் கணிக்கும் கணினிக் கருவிகளைப் பற்றி ஒரு மருத்துவர் மேடையில் பேசிய காணொளியை எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள், நானும் அதை முழுவதுமாகப் பார்த்துவிட்டேன். மனநோயாளிகளில் யார் ஆபத்தானவர் என்பதை இனி கணினியே சொல்லிவிடும் என்று அந்த மருத்துவர் சொன்னதும் அரங்கம் கைதட்டியதே, அந்த இடத்தில்தான் என் மனம் பொறுக்கவில்லை. கணினி அப்படி எதையும் சொல்வதில்லை. இதே போன்ற விவரங்கள் கொண்டவர்களில் எத்தனை பேர் வன்முறையில் இறங்கினார்கள் என்ற விகிதத்தைத்தான் அது சொல்கிறது. அதை எடுத்து ஒரு தனிமனிதரின் நெற்றியில் ஒட்டுபவர்கள் நாம்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட 'ஆக்ஸ்மிவ்' கருவியையே எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனில் கடுமையான மனநோய் கொண்ட 75,158 பேரின் பதிவுகளிலிருந்து உருவான அதில் 16 விவரங்களை நிரப்பினால், அடுத்த 12 மாதங்களில் அந்த நபர் வன்முறைக் குற்றம் புரியும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுத் தரும். அந்த வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று பொருள். ஆனால் அந்த ஆய்விலேயே, இந்த 5 விழுக்காட்டுக் கோட்டைத் தாண்டியவர்களில் உண்மையில் குற்றம் புரிந்தவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே. நூற்றில் மீதி 89 பேர்? கோட்டுக்குக் கீழே இருந்தவர்களிலோ 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் எந்த வன்முறைக் குற்றத்திலும் ஈடுபடவில்லை. ஆக, யாரைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று சொல்வதில்தான் அது வலுவானது. மேடையில் சொல்லப்பட்டது இதற்கு நேர்மாறானது. அந்த 16 விவரங்களில் வருமானமும் உண்டு, பெற்றோரும் உடன்பிறந்தோரும் செய்த குற்றங்களும் உண்டு என்பதையும் அந்த மருத்துவர் சொல்லவில்லை.

என் தம்பி சேர்க்கப்பட்டிருந்த வார்டிலும் இப்படியொரு கருவி இருந்தது. பழைய அடிதடி ஒன்றும் குடிப்பழக்கமும் சேர்ந்து கணினித் திரையில் அவன் பெயருக்கு மேல், ஆபத்து அதிகம் என்று காட்டும் சிவப்புப் பட்டை வந்தது. அதுவரை கட்டிலருகே உட்கார்ந்து மாத்திரை கொடுத்த செவிலியர், மறுநாள் முதல் மாத்திரைக் கிண்ணத்தை வாசலோரத்து முக்காலியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றுகொண்டார். "அக்கா, நான் என்ன செய்தேன்?" என்று அவன் கேட்டான். அந்த வாரம் அவன் எதுவுமே செய்திருக்கவில்லை. மறுபடி கணக்கிடுங்கள் என்று நான் கேட்டதற்கு, "கணினியில் மாறவில்லையே" என்றார்கள். முடிந்துபோன பழைய சண்டை எப்படி மாறும்?

அடி வாங்குவது செவிலியர்கள்தானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, அவர்களுடைய அச்சத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. குழப்பம், எரிச்சல், மிரட்டல் போன்ற ஆறு அறிகுறிகளை நேரில் பார்த்து அடுத்த 24 மணி நேரத்தை மட்டும் கணிக்கும் 'ப்ரோசெட்' பட்டியலை எனக்கும் பிடிக்கும். புதிதாகச் சேர்ந்த நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்திய வார்டுகளில் கடுமையான தாக்குதல்கள் 41 விழுக்காடும், கட்டிவைத்தல் போன்ற கட்டாய நடவடிக்கைகள் 27 விழுக்காடும் குறைந்ததாக 2008இல் ஒரு சுவிஸ் ஆய்வு வெளிவந்தது. அங்கே ஒருவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். மதிப்பெண் கூடினால் என்ன உதவி செய்வது என்ற ஆலோசனையும் கூடவே வரும். கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மதிப்பெண்ணைத் தீர்ப்பாக்காதீர்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மருத்துவரின் ஊகத்தைவிடக் கருவியின் கணக்கு மேல்தானே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, மேல்தான்.

தம்பிக்காகப் பேசுகிறாய் என்பார்கள். ஆம், அவனுக்காகத்தான் பேசுகிறேன். அவனுடைய மதிப்பெண்ணை அவனிடமே யாரும் சொல்லவில்லை. மனநோய் கொண்டவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்பது துறையில் உள்ள அனைவருக்கும் தெரியும். அந்த ஆபத்துக்கு எந்தத் திரையில் பட்டை ஒளிர்ந்தது? மதிப்பெண்ணை நோயாளியிடம் சொல்லுங்கள், எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்று எழுதிவையுங்கள், சிவப்பு வந்தால் அவரோடு கூடுதலாக உட்கார்ந்து பேச ஓர் ஆளை அனுப்புங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். இதற்கும் "உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று எழுதுகிறவர்களுக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை.