ஆறு சதவீத வட்டி: கேட்டால்தான் கொடுப்பார்களாம்

அமெரிக்காவில் ரிசர்வ், நேஷனல் கார்ட் படைகளில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் முழுநேர ராணுவத்தினர் அல்ல. கம்பெனி வேலை பார்ப்பார்கள், கடை வைத்திருப்பார்கள், மாதத்துக்கு ஒரு வாரக்கடைசி பயிற்சிக்குப் போய் வருவார்கள். திடீரென ராணுவப் பணிக்கு அழைக்கும் ஆர்டர் வந்தால் அந்தச் சம்பளம் நின்று ராணுவச் சம்பளம் தொடங்கும். அது குறைவாக இருந்தால் துண்டு விழுவது வீட்டில்தான். குறையை ஈடுகட்ட வேண்டிய கட்டாயம் தனியார் முதலாளிக்குக் கிடையாது. மனமுவந்து கொடுத்தால் அவருக்கு வரிச் சலுகை உண்டு, அவ்வளவுதான். (இதில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: 2008-ல் தொடங்கி, குடியுரிமை இல்லாதவர்களை மொழித்திறனுக்காக அமெரிக்க ராணுவத்தில் சேர்த்த திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது.)

கடனில் மாட்டிக்கொள்ளாமல் இந்தக் குடும்பங்களைக் காக்க நல்ல சட்டம் இருக்கிறது. 1918-லும் 1940-லும் போர்க்காலத்தில் போட்டதைப் புதுக்கி, 2003 டிசம்பரில் கொண்டுவந்த படைவீரர் சிவில் நிவாரணச் சட்டம். அதன் உயிர்நாடி ஆறு சதவீத உச்சவரம்பு. பணிக்குப் போவதற்கு முன் வாங்கிய கார் லோன், கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன், கல்விக் கடன் எதுவானாலும், பணிக்காலத்தில் ஆறுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் போன்ற கட்டணங்களும் வட்டிக் கணக்கில்தான் சேரும். வீட்டுக் கடனுக்கு மட்டும் பணி முடிந்து ஓராண்டு வரை இந்தச் சலுகை நீளும்.

மேலே உள்ள வட்டியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பதல்ல இது, அடியோடு தள்ளுபடி. மாதத் தவணையும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். 14 சதவீத வட்டியில் 20,000 டாலர் கார் லோன், இன்னும் 60 மாதம் பாக்கி என்று வையுங்கள். தவணை சுமார் 465 டாலர். முதல் மாத வட்டி 233 டாலர். ஆறு சதவீதத்தில் அது 100 டாலர். மிச்சம் 133 போக, கட்ட வேண்டியது 332 டாலர். தவணையை 465-லேயே வைத்துக்கொண்டு "அதிகப்படி அசலில் கழித்துவிட்டோம்" என்று சொன்னால் அது சட்டப்படி சரியில்லை. அந்த மிச்சப் பணம் மாதாமாதம் கையில் நிற்பதற்காகத்தான் சட்டமே.

கேட்கும் முறை இதுதான்: கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் ஒரு கடிதம், கூடவே ஆர்டரின் நகல். பணி நீட்டிக்கப்பட்டால் அந்த ஆர்டரும். பணி முடிந்து 180 நாளுக்குள் கொடுத்தால் போதும். எப்போது கொடுத்தாலும் பணிக்கு அழைத்த தேதியிலிருந்தே கணக்குப் போட வேண்டும். போனில் மட்டும் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். போனில் பேசுபவர் பெரும்பாலும் இந்தச் சட்டத்தை விட்டுவிட்டு, வங்கியின் சொந்தத் தவணை ஒத்திவைப்புத் திட்டத்தை நீட்டுவார். அதில் தவணை நிற்கும், வட்டி ஏறிக்கொண்டே போகும்.

சறுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. ஆர்டர் வந்து பணியில் சேர்ந்தபின், வட்டி குறையட்டும் என்று கடனை மாற்றி எழுதினால் அது புதுக் கடன், உச்சவரம்பு போச்சு. மனைவியும் கணவரும் சேர்ந்து வாங்கிய கடனுக்குச் சலுகை உண்டு. வீட்டில் இருப்பவர் தன் பெயரில் மட்டும் வாங்கிய கார்டுக்குக் கிடையாது. வங்கி நீட்டும் காகிதத்தில் "இச்சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன்" என்று தனித்தாளில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் செல்லும். கிளம்புவதற்கு முன் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவரிடம் வங்கி வாயே திறக்காது.

ஆர்டரில் எத்தனை நாள் என்று பாருங்கள். 30 நாளைத் தாண்டினால்தான் குடும்பத்துக்கு ராணுவ மருத்துவக் காப்பீடான டிரைகேர். சரியாக 30 நாளோடு ஆர்டரை நறுக்கிவிட்டால் அது கிடையாது. நேஷனல் கார்டை வெள்ளத்துக்கோ காட்டுத்தீக்கோ மாநில ஆளுநர் தன் அதிகாரத்தில் அழைத்தால் மத்தியச் சட்டம் பொருந்தாது, அந்தந்த மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சொந்தத் தொழில் செய்பவருக்கு வேறு தலைவலி. கடையை நடத்துகிற ஆளே போய்விட்டால்? அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகத்திடம் இதற்கென்றே ஒரு கடன் உண்டு: 20 லட்சம் டாலர் வரை, 4 சதவீதத்தைத் தாண்டாத வட்டி, 30 ஆண்டு வரை தவணை. ஆனால் கடன் கடன்தான். ஓய்வூதியச் சேமிப்பை உடைக்கவும் வழி இருக்கிறது: 179 நாளுக்கு மேற்பட்ட பணி என்றால், முன்கூட்டியே எடுப்பதற்கான 10 சதவீத அபராதம் இல்லை, பணி முடிந்து இரண்டு ஆண்டுக்குள் திருப்பிப் போடலாம். வருமான வரி மட்டும் வழக்கம்போல் உண்டு. வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைத் தொடுங்கள்.

இவ்வளவு பலமான சட்டம் யாரைப் போய்ச் சேர்ந்தது? நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தகுதியுள்ள கார் லோன்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே வட்டி குறைந்திருக்கிறது. தனிநபர் கடனில் சுமார் 6 சதவீதம்தான். காரணம் எளிது: கேட்டால்தான் கிடைக்கும். பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், கடன் கொடுத்த நான்கு பேருக்கு நான்கு கடிதம் யார் எழுதுவது?

யார் பணியில் இருக்கிறார் என்பதைச் சரிபார்க்க பாதுகாப்புத் துறை ஒரு தரவுத்தளத்தை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. வங்கிகள் அதைப் பார்க்கத்தான் செய்கின்றன, கோர்ட்டில் கடனாளி மீது தீர்ப்பு வாங்கும்போது. வட்டி குறைக்க மட்டும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மத்திய அரசின் கல்விக் கடன்களில் 2016 முதல் விதியே இதுதான்: கடனை நிர்வகிக்கும் நிறுவனம் அந்தத் தரவுத்தளத்தை ஒப்பிட்டு, யாரும் கேட்காமலே வட்டியைக் குறைக்க வேண்டும். அது வருவதற்கு முன், 2014-ல், சாலி மே, நேவியன்ட் நிறுவனங்கள் கல்விக் கடனில் கூடுதல் வட்டி வாங்கிய வழக்கில் 6 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. கல்விக் கடனுக்குச் செய்ய முடிந்ததைக் கார் லோனுக்கும் கார்டுக்கும் செய்யாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம், சட்டத்தில் "எழுத்துப்பூர்வ அறிவிப்பு" என்ற நிபந்தனை இன்னும் உட்கார்ந்திருப்பதுதான். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை நீக்க வேண்டும்.

அதுவரை கடிதம்தான் வழி. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வங்கி மறுத்தால் ராணுவத் தளத்துச் சட்ட உதவி அலுவலகத்தில் வக்கீல் இலவசம். சலுகை கேட்டதற்காகக் கிரெடிட் ரிப்போர்ட்டில் கெட்டபெயர் எழுதவோ, அடுத்த கடனை மறுக்கவோ கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பலர் இந்தப் பயத்தில்தான் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.