விட்டுவிட்டு வரும் நோய் வேறு கதை
ஒருவருக்கு நோய் வந்தால் குடும்பத்தில் எல்லோருடைய பொறுப்பும் மாறிவிடுகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரி. ஆனால் எல்லா நோயையும் ஒன்றாகவே பேசிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் ரோலண்ட் இதைப் பிரித்துப் பார்த்தார்: நோய் திடீரென வந்ததா, மெல்ல வந்ததா, ஒரே நிலையில் நிற்குமா, முற்றிக்கொண்டே போகுமா, விட்டுவிட்டு வருமா. பக்கவாதம் என்றால் உடனே வேலைகளைப் பங்கு போட்டாக வேண்டும். அப்புறம் பெரும்பாலும் ஓரளவு நிலைப்படும். வலிப்பும் ஆஸ்துமாவும் அப்படியில்லை. நோயாளி நன்றாக இருக்கும் நாட்களிலும் மறுபடி எப்போது வருமோ என்று வீட்டில் யாராவது ஒருவர் காவலாக அரைத் தூக்கத்தில்தான் இருப்பார். அது பல வீடுகளில் மூத்த பிள்ளை. நோய் அடங்கிய பிறகும் அந்தப் பொறுப்பைப் பெரியவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிடுகிறார்கள். மருத்துவர்களும் அந்தப் பிள்ளையிடம் மாத்திரைக் கணக்கு கேட்பதோடு சரி.