சீனக் கத்தியால் ஆட்டெலும்பு வெட்டலாமா?
"அகலமான சீனக் கத்தி ஒன்று போதும், ஆட்டெலும்பு வரை வெட்டலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. கறிக்கடைக் கத்தி போலத் தெரிந்தாலும் அதன் பெயர் 'சாய்தாவ்'. நேர்ப்பொருள் காய்கறிக் கத்தி. கூரில்லாத முதுகுப் பக்கத்தின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர்தான், எடையும் பெரும்பாலும் 300-400 கிராம். காய், எலும்பில்லாக் கறி நறுக்கவும், பட்டையான பக்கத்தால் பூண்டு நசுக்கவும் அருமையானது. எலும்பில் ஓங்கிப் போட்டால், அதுவும் கத்தி சற்றுச் சாய்ந்து இறங்கினால், மெல்லிய விளிம்பு பிறைபோலப் பெயரும். அந்தச் சில்லு குழம்பில் கிடக்கும். கோழியை மூட்டுக் குருத்தெலும்பில் அழுத்திப் பிரிக்கலாம். கைப்பிடியை ஒட்டிய குதிப்பகுதி மட்டும் தடித்த இருபயன் கத்தியும் உண்டு. அந்தக் குதியால் கோழியெலும்பை வெட்டலாம், ஆட்டெலும்பு கூடாது. ஆட்டெலும்புக்கு முதுகு தடித்த கனமான வெட்டுக்கத்தியும் அசையாத புளியமரக் கட்டையும் வேண்டும். நல்லியைக் கடையிலேயே வெட்டி வாங்குங்கள்.