கொக்கியில் தொங்கும் நிம்மதி

வீட்டு வசதிகள் கொண்ட பயண வண்டியான மோட்டார் ஹோமின் பின்னால் காரையும் கோல்ஃப் வண்டியையும் இழுத்துச் செல்வதென்றால், பெரும்பாலும் இரண்டையும் ஒரே டிரெய்லரில் ஏற்ற வேண்டியிருக்கிறது; காருக்குப் பின்னால் இன்னொரு வண்டியைத் தொடுப்பதைப் பல இடங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. ஏற்றிய பிறகுதான் தலைவலியே ஆரம்பம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, அதை மோட்டார் ஹோமோடு இணைக்கும் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும், மிகுந்தால் மோட்டார் ஹோமின் முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். அதற்காகக் காரைச் சற்றே முன்னே நகர்த்தி, பட்டைகளை அவிழ்த்து மீண்டும் இறுக்கி, முழங்காலில் மண்ணோடு எழுந்து பார்த்தால், கோல்ஃப் வண்டியின் பட்டை தளர்ந்து தொங்குகிறது. டிரெய்லரின் சொந்த எடையும் கொக்கியின் தாங்குதிறன் கணக்கில் சேரும் என்பதை, விற்றவர் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா?